புகுந்த வீட்டுக்கு வந்த கிளி

"கிளியை வளர்த்துப் பூனை கையில் கொடுத்தாற் போல" என்று நம் பாட்டிமார் ஒரு பழமொழி சொல்வார்கள். அருமை பெருமையாக வளர்த்த பெண்ணைத் தகாத இடத்தில் கொடுத்துவிட்ட தாயின் மன வருத்தத்தைச் சொல்லும் பழமொழி அது. பெண்ணின் துயரத்தை விளக்குவதற்குக் கிளியை உவமையாக்கிய நம் பெரியோர்கள், கிளியின் துயரத்தை விளக்குவதற்குப் பெண்ணை உவமையாக்கவில்லை. அந்தக் குறையை இந்தக் கட்டுரையில் நாம் நிவர்த்தி செய்ய உத்தேசித்திருக்கிறோம். ஏனெனில், ஒரு வீட்டில் வளர்ந்து மற்றொரு வீட்டுக்குக் கொடுக்கப்படும் கிளியின் நிலைமை, புக்ககம் போகும் பெண்ணின் நிலைமையைப் பெரிதும் ஒத்ததுதான். ஒரு வித்தியாசம் மாத்திரம் உண்டு. பெண்ணுக்குத் தான் எங்கே போகிறோம், ஏன் போகிறோம் என்பதாவது தெரியும். கிளிக்கு அதுவும் தெரியாது.

தாம்பரம், குரோம்பேட்டை, பல்லாவரம், மேடவாக்கம் ஆகிய பகுதிகளில் வசிக்கும் நேயர்களுக்கு, வீடு மாற்றுவது என்பது எத்தனை சகஜமான காரியம் என்று நாம் சொல்ல வேண்டியதில்லை. பிள்ளைக்கு அமெரிக்காவில் உத்தியோகம் கிடைக்கிறது; பெற்றோரும் பின்னோடு போகிறார்கள். அல்லது, தனி வீட்டை இடித்து அடுக்கு மாடி கட்டுகிறார்கள். அல்லது, கிளியின்மேல் உயிரையே வைத்திருந்த பெரியவர் காலமாகிவிடுகிறார். கட்டிலையும் பீரோவையும் விற்றுவிடலாம். பல்லாவரத்தில் வெள்ளிக்கிழமைதோறும் கூடும் பழைய சந்தையில் ஊசி முதல் அலமாரி வரையில் எதையும் விற்கலாம், வாங்கலாம். பறவைகளும் அங்கே கூண்டு கூண்டாக வந்து இறங்குவதுண்டு. ஆனால் பத்து வருஷம் வீட்டில் ஒருவராக இருந்த கிளியைச் சந்தைக்கு அனுப்ப யாருக்கு மனம் வரும்? "நீங்கள் வைத்துக்கொள்கிறீர்களா?" என்று அடுத்த வீட்டாரையோ உறவினரையோ கேட்கிறார்கள். அவர்களும் ஆசையுடன் சம்மதிக்கிறார்கள். உண்மையான கதை அங்கேதான் ஆரம்பமாகிறது.

எந்தக் கிளி?

கதையைத் தொடர்வதற்கு முன் சட்ட சம்பந்தமான விஷயம் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். நம் தென்னந்தோப்புகளில் கீச்சிட்டுப் பறக்கும் பச்சைக்கிளி, தோளில் சிவப்புத் தீற்றல் உள்ள அதன் பெரிய சகோதரனான மலைக்கிளி ஆகிய நம் நாட்டுக் கிளிகள் எதையும் வீட்டில் வளர்க்க அனுமதி கிடையாது. 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இவற்றைப் பாதுகாக்கிறது. 2022-ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு பச்சைக்கிளி அந்தச் சட்டத்தின் இரண்டாவது அட்டவணையில் இடம் பெற்றிருக்கிறது. "நாங்கள் குஞ்சிலிருந்து பிரியமாய் வளர்த்தோமே!" என்று சொல்வது சட்டத்தின் காதில் ஏறாது. 2023-ஆம் ஆண்டில் சென்னையில் ஒரு திரைப்பட நடிகரின் வீட்டிலிருந்து இரண்டு பெரிய கிளிகளை வனத்துறையார் எடுத்துச் சென்று, இரண்டரை லட்சம் ரூபாய் அபராதமும் விதித்தார்கள். 2024-ஆம் ஆண்டு நாடாளுமன்றத் தேர்தலின்போது கடலூர் மாவட்டத்தில் ஒரு வேட்பாளர் ஜயிப்பார் என்று சீட்டெடுத்துக் கொடுத்த ஜோசியக் கிளியும் கைப்பற்றப்பட்டது. வேட்பாளர் ஜயிக்கவில்லை. தன் சொந்த விடுதலையையே முன்கூட்டி அறிய முடியாத கிளி தேர்தல் முடிவை எவ்விதம் அறியும்?

பச்சைக்கிளி வைத்திருப்போர் செய்ய வேண்டியது அதை வனத்துறையிடம் ஒப்படைப்பதுதான். கிண்டியில் வனத்துறை அலுவலகம் இருக்கிறது. கூண்டைத் திறந்து, "போய் வா, அம்மா!" என்று வழியனுப்புவது தயை போலத் தோன்றினாலும் உண்மையில் கொலைக்குச் சமானம். சிறகு வெட்டப்பட்ட கிளி, காக்கைக்கும் பூனைக்கும் ஒரு வேளை ஆகாரமாகும். வெட்டிய சிறகு, அடுத்த முறை இறகு உதிர்ந்து முளைக்கும்போதுதான் மீளும். அது வரையில் பெரிய கூண்டில் வைத்துப் பறக்கப் பழக்கித்தான் வெளியே விட வேண்டும்.

ஸ்ரீவில்லிபுத்தூரில் ஆண்டாளின் கையில் இருக்கும் கிளியை நேயர்கள் தரிசித்திருப்பார்கள். இலைகளாலும் மாதுளம் பூவாலும் தினந்தோறும் புதிதாகக் கட்டப்படும் கிளி அது. மதுரை மீனாட்சியம்மன் கோவிலில் கிளிக்கூட்டு மண்டபம் என்றே ஒரு மண்டபம் உண்டு. முன்னாளில் அங்கே கிளிகளை வளர்த்தார்கள். இப்போது பெயர்தான் மிச்சம். அம்பாளின் சந்நிதியிலேயே உயிர்க்கிளி இல்லையென்றால், நம் வீட்டுக் கூடத்தில் பச்சைக்கிளி இல்லாமற் போவதால் குறைவொன்றுமில்லை.

அப்படியானால் சட்டப்படி வீடு மாறக்கூடிய கிளிகள் எவை? அயல்நாட்டைச் சேர்ந்து, கூண்டிலேயே பிறந்து வளர்ந்தவை. ஆஸ்திரேலியாவின் கொண்டைக் கிளியாகிய காக்டெயில், நாம் 'லவ் பேர்ட்ஸ்' என்று அழைக்கும் சின்னஞ்சிறு கிளிகள், ஆப்பிரிக்கச் சாம்பல் கிளி முதலியவை. முதலிரண்டுக்கும் பதிவு தேவையில்லை. சாம்பல் கிளியின் விஷயம் வேறு. காடுகளில் அது பெரிதும் குறைந்துவிட்டபடியால், 2016-ஆம் ஆண்டில் ஜோகன்னஸ்பர்க் நகரில் கூடிய சர்வதேச மாநாடு அதன் வியாபாரத்துக்கு மிகக் கடுமையான கட்டுப்பாடு விதித்தது. 2024-ஆம் ஆண்டின் விதிகளின்படி இத்தகைய பறவைகளை அரசாங்கத்தின் 'பரிவேஷ்' தளத்தில் பதிவு செய்ய வேண்டும். கை மாறினால் அதையும் தெரிவிக்க வேண்டும். ஆகவே, சாம்பல் கிளியைப் பெற்றுக்கொள்கிறவர்கள், கூண்டோடு பதிவுக் காகிதத்தையும் கேட்டு வாங்கிக்கொள்வது அவசியம்.

முதல் பத்து நாட்கள்

புது மணப்பெண்ணை நடுக்கூடத்தில் உட்கார வைத்து, ஊரார் எல்லோரும் சுற்றி நின்று, "பாட்டுப் பாடு, பேசிக் காட்டு" என்று உபத்திரவம் செய்தால் அவள் கதி என்ன? வந்த கிளிக்கு நாம் செய்வது பெரும்பாலும் அதுவே. கூண்டு கூடத்தின் நடுவில் தொங்குகிறது. பக்கத்து வீட்டுக் குழந்தைகள் வருகிறார்கள். ஒருவர் விரலை நீட்டுகிறார், இன்னொருவர் சீட்டியடிக்கிறார், மூன்றாமவர் காமிராவுடன் நிற்கிறார். கிளியோ இறகுகளை உடம்போடு ஒட்டிக்கொண்டு, கம்பியின் கோடியில் ஒடுங்கி நிற்கிறது. "இது பேசாத கிளி போலிருக்கிறது" என்று தீர்ப்பும் சொல்லிவிடுகிறார்கள்.

கிளி, கூட்டமாக வாழப் பிறந்த பறவை. கூண்டுக் கிளிக்கு வீட்டு மனிதர்களே கூட்டம். அந்தக் கூட்டம் ஒரே நாளில் மறைந்து போனால், காட்டில் வழி தப்பிய குஞ்சைப் போல் அது திகைக்கிறது. ஆகையால் முதல் பத்து நாட்களும் ஆறுதலுக்கே உரியவை. கூண்டைச் சுவர் ஓரமாக, ஏறக்குறைய நம் கண் மட்டத்தில் வைக்க வேண்டும்; முதுகுப்புறம் பத்திரமென்று தெரிந்தால் பாதிப் பயம் போய்விடும். பழைய கூண்டு, பழைய கிண்ணம், பழைய தீனி, பழைய விளையாட்டுச் சாமான் ஆகியவை கூடவே வரட்டும். எத்தனை மணிக்கு எழுந்திருக்கும், எப்போது குளிக்கும், எதைக் கண்டால் பயப்படும், என்னென்ன வார்த்தை பேசும் என்று பழைய வீட்டாரிடம் கேட்டு எழுதி வைத்துக்கொள்வது சீர்வரிசையைக் காட்டிலும் முக்கியமானது.

பெயரை மாற்றுவது வேண்டாம். வெனிசுவேலா நாட்டில் சிறு கிளியினம் ஒன்றை ஆராய்ந்தவர்கள் 2011-ஆம் ஆண்டில் ஓர் ஆச்சரியமான செய்தியை வெளியிட்டார்கள். தாய் தந்தைக் கிளிகள், கூட்டிலிருக்கும் ஒவ்வொரு குஞ்சுக்கும் தனித்தனிக் குரலடையாளம் ஒன்றைக் கற்பிக்கின்றன. அதாவது, பெயர் வைக்கின்றன! பெயர் என்பது கிளிக் குலத்தில் மனிதர்கள் புகுத்திய வழக்கமல்ல. வீடு போயிற்று, மனிதர்கள் போனார்கள். பெயரையாவது அதனிடம் விட்டு வைப்போம்.

கிளியின் பாஷை

கிளிக்கு நம் பாஷையைக் கற்பிக்க நாம் படும் பாட்டில் பத்தில் ஒரு பங்கு, அதன் பாஷையை நாம் கற்பதற்குச் செலவிட்டோமில்லை. அது அப்படியொன்றும் கடினமான பாஷையன்று. இறகை உப்பிக்கொண்டு ஒற்றைக் காலில் நின்றால், "சௌக்கியமாக இருக்கிறேன்" என்று அர்த்தம். தூங்கப் போகும் முன் அலகை மெல்ல அரைத்துக்கொண்டால், "மனம் நிம்மதியாக இருக்கிறது" என்று அர்த்தம். கண்ணின் பாவை சட்டென்று சுருங்கி விரிந்தால் உள்ளம் கொந்தளிக்கிறது. அது சந்தோஷமாகவும் இருக்கலாம், கோபமாகவும் இருக்கலாம். அச்சமயம் கையை நீட்டாதிருப்பது உத்தமம். காக்டெயிலின் கொண்டை நெட்டுக்குத்தாக நின்றால் திடுக்கிட்டிருக்கிறது, தலையோடு படிந்து சீறினால், "அணுகாதே!"

கிளி கடிக்கிறது என்று புகார் சொல்வோர் பலர். கடி என்பது கிளியின் முதல் வார்த்தையன்று, கடைசி வார்த்தை. அதற்கு முன், சாய்ந்து விலகிற்று; இறகை ஒடுக்கிற்று; வாயைத் திறந்து காட்டிற்று. இவ்வளவையும் கவனியாதவருக்குத்தான் கடி விழுகிறது. கடித்ததற்காகக் கூச்சலிட்டால் கிளிக்கு வேடிக்கையாகிவிடும். அடித்தால் ஆயுள் முழுதும் மறவாது. பேசாமல் கையை எடுத்துக்கொண்டு சற்று விலகிப் போவதே சரியான பதில்.

'வேண்டாம்' என்னும் உரிமை

ஐரீன் பெப்பர்பெர்க் என்ற அமெரிக்க அம்மையார், 1977-ஆம் ஆண்டில் சிகாகோ நகரத்துக் கடையொன்றில் ஒரு சாம்பல் கிளியை வாங்கினார். அலெக்ஸ் என்று பெயரிடப்பட்ட அந்தக் கிளி, 2007-ஆம் ஆண்டில் இறக்கும் வரையில், நிறத்தையும் வடிவத்தையும் எண்ணிக்கையையும் கேட்டால் சொல்லி, அறிஞர்களை வியக்க வைத்தது. அதன் சாமர்த்தியங்கள் எல்லாவற்றிலும் நம்மைக் கவர்ந்தது வேறொன்று. பாடம் சலித்துப் போனால் அலெக்ஸ் 'மாட்டேன்' என்று சொல்லும். தன் கூண்டுக்குத் திரும்ப வேண்டுமென்று கேட்கும். அந்தச் சொல்லுக்கு அங்கே மரியாதை இருந்தது.

கிளியின் நம்பிக்கையைப் பெறும் இரகசியம் முழுவதும் இதில் அடங்கியிருக்கிறதென்று நாம் எண்ணுகிறோம். தன் வீட்டை இழந்த கிளிக்கு எதிலும் அபிப்பிராயம் கேட்கப்படவில்லை. இனி ஒரு விஷயத்திலாவது அதன் சம்மதம் கேட்கப்படுகிறது என்று தெரிந்தால்தான் அது நம்மை நம்பத் துணியும்.

காரியத்தில் இதைச் செய்யும் வழி எளியது. நாள்தோறும் குறித்த வேளையில் கூண்டுக்குச் சற்றுத் தூரத்தில் உட்கார்ந்து, பத்திரிகையை வாய்விட்டுப் படியுங்கள். கிளியை முறைத்துப் பார்க்க வேண்டாம். இரண்டு கண்ணாலும் நேரே பார்ப்பது, இரை தேடும் பிராணியின் பார்வை. பக்கவாட்டில் பார்ப்பது சிநேகிதரின் பார்வை. கிளி சாய்ந்து விலகாத தூரம் எதுவோ அதுவே இன்றைய எல்லை. நாளைக்கு ஒரு சாண் நெருங்கலாம். பிறகு, அதற்கு மிகவும் பிடித்த தின்பண்டம் ஒன்றைக் கிண்ணத்தில் போட்டுவிட்டு நகர்ந்து விடுங்கள். சில நாள் கழித்துக் கம்பி வழியாக நீட்டுங்கள். வாங்கினால் சந்தோஷம், வாங்காவிட்டால் கிண்ணத்தில் போடுங்கள், கோபம் வேண்டாம். பின்னர் ஒரு குச்சியின் நுனியை அலகால் தொட்டால் ஒரு பருப்பு என்று பழக்குங்கள். குச்சியைத் தொடர்ந்து வரும் கிளி, ஒரு நாள் குச்சிக்கும் தனக்கும் நடுவிலுள்ள கையின்மீதும் காலை வைக்கும். ஏறிய மறு விநாடியே இறங்க விரும்பினால் இறக்கி விட்டுவிட வேண்டும். இறங்கலாம் என்று தெரிந்த கிளிதான் மறுபடி ஏறும். துண்டால் பிடிப்பது, கையுறை போட்டுக்கொண்டு இழுப்பது எல்லாம், மூன்று மாதத்து உழைப்பை மூன்று நிமிஷத்தில் நாசமாக்கும் உபாயங்கள்.

சேலையூரில் ஒரு வீடு

சேலையூரில் நாம் அறிந்த குடும்பம் ஒன்றுக்கு, நங்கநல்லூரிலிருந்து ஒரு சாம்பல் கிளி வந்தது. அதை வளர்த்த முதிய அம்மாள் காலமாகிவிட்டார். பிள்ளைகள் வெளிநாட்டில் இருந்தார்கள். பதிவெல்லாம் ஒழுங்காக மாற்றப்பட்டது. ஆனால் கிளியின் மனம் பதிவுக் காகிதத்தைப் பார்த்து மாறுமா? நாற்பது நாள் வரையில் கூண்டை விட்டு வெளியே வரவில்லை. மார்பு இறகுகளைத் தானே பிடுங்கிக்கொண்டது. அந்த வீட்டுப் பையன் தலைக்கவசத்துடன் உள்ளே நுழைந்தால் வீடு அதிரக் கத்தும். அவன் வாசலிலேயே கவசத்தைக் கழற்றிவிட்டு வரப் பழகினான்.

ஒரே ஒரு வார்த்தைதான் அது பேசும். சாயங்காலம் ஆறு மணிக்கு, காலஞ்சென்ற அந்த அம்மாளின் குரலிலேயே, "விளக்கு ஏத்தியாச்சா?" என்று கேட்கும். முதலில் அந்தக் குரல் வீட்டாருக்குப் பயமாகத்தான் இருந்தது. சிலர், "அந்தப் பேச்சை மறக்கடியுங்கள்" என்று யோசனை சொன்னார்கள். வீட்டு அம்மாளோ அவ்விதம் செய்யவில்லை. கிளி கேட்டவுடன், "இதோ ஏத்தறேன்" என்று பதில் சொல்லி, அதன் கண் முன்னே விளக்கை ஏற்றினார். தினந்தோறும் இப்படியே நடந்தது. நான்காவது மாதம் அவர் கையிலிருந்து ஒரு வேர்க்கடலையை வாங்கிற்று. ஏழாவது மாதம் விளக்கு ஏற்றும் நேரத்தில் அவர் தோளில் வந்து உட்கார்ந்தது. மார்பில் இறகும் முளைக்கலாயிற்று. இப்போது "விளக்கு ஏத்தியாச்சா?" என்ற கேள்விக்குப் பின், "இதோ ஏத்தறேன்" என்ற பதிலையும், இந்த அம்மாளின் குரலில், கிளியே சொல்லிக்கொள்கிறது. பிறந்த வீட்டுக் குரலும் புகுந்த வீட்டுக் குரலும் ஒரே தொண்டையில் வாசம் செய்கின்றன.

நம் வீட்டிலுள்ள அபாயங்கள்

நம்பிக்கை வளர்ந்து கிளி வெளியே வரத் தொடங்கியதும் வேறு கவலைகள் வருகின்றன. முதல் சத்துரு, தலைக்கு மேல் சுழலும் மின்விசிறி. கிளி வெளியே இருக்கும்போது விசிறி நின்றே தீர வேண்டும். புழுக்கத்தைப் பொறுத்துக்கொள்ள முடியாதவர்கள் கிளி வளர்க்க இயலாது. ஜன்னலுக்கு வலை வேண்டும். இரண்டாவது சத்துரு சமையலறையில் இருக்கிறது. ஒட்டாத பூச்சுள்ள தோசைக்கல் அளவு மீறிக் காய்ந்தால் எழும் ஆவி, நமக்கு ஒன்றும் செய்யாவிட்டாலும் கிளியைச் சில நிமிஷங்களில் கொன்றுவிடும். பாட்டி காலத்து இரும்புத் தோசைக்கல்லுக்குத் திரும்புவது கிளிக்கு க்ஷேமம். கொசுவர்த்தி, சாம்பிராணி, ஊதுவத்திப் புகை எதுவும் பறவையின் மெல்லிய மூச்சுப் பைகளுக்கு ஆகாது. தீபாவளி இரவில் ஜன்னலைச் சாத்தி, கூண்டின்மேல் துணி போர்த்தி, யாராவது ஒருவர் பக்கத்தில் இருப்பது நலம்.

ஆகாரத்தில், வெறும் சூரியகாந்தி விதையே போடுவது, குழந்தைக்கு மூன்று வேளையும் பக்ஷணம் கொடுப்பது போலாகும். முருங்கைக் கீரை, காரட், கொய்யா, மாதுளை, சோளம் எல்லாம் வேண்டும். மிளகாயும் கொடுக்கலாம், அதன் காரம் பறவைகளுக்கு உறைப்பதில்லை. வெண்ணெய்ப் பழம், சாக்லேட், காப்பி, உப்பிட்ட முறுக்கு ஆகியவை கூடவே கூடாது. உடல் நலமில்லாவிட்டால் கிளி கடைசி வரை மறைத்து வைக்கும். ஆதலால் சாப்பாடு குறைந்தாலோ எச்சத்தின் நிறம் மாறினாலோ உடனே பறவை வைத்தியம் அறிந்த டாக்டரிடம் போக வேண்டும். வேப்பேரியில் 1903-ஆம் ஆண்டு முதல் நடந்து வரும் கால்நடை மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனையை நேயர்கள் அறிவார்கள். வீட்டில் யாருக்காவது விடாத ஜுரமும் இருமலும் வந்தால், நம்முடைய டாக்டரிடமும், "எங்கள் வீட்டில் கிளி இருக்கிறது" என்று சொல்லத் தவறக்கூடாது. கிளியிடமிருந்து மனிதருக்குத் தொற்றும் ஜுரம் ஒன்று உண்டு.

யோசித்து ஏற்க வேண்டிய பொறுப்பு

காக்டெயில் பதினைந்து, இருபது வருஷம் இருக்கும். சாம்பல் கிளி நாற்பது, ஐம்பது வருஷங்கூட இருக்கும். ஐம்பது வயதில் அதை ஏற்றுக்கொள்கிறவர், தமக்குப் பிறகு அதை யார் பார்த்துக்கொள்வார்கள் என்பதையும் அன்றைக்கே தீர்மானிக்க வேண்டும். இல்லாவிட்டால் நாமும் கிளியை வளர்த்துப் பூனை கையில் கொடுத்தவர்களாவோம். நாள்தோறும் ஒரு மணி நேரம் அதற்கென்று ஒதுக்க இயலாதவர்கள், எத்தனை ஆசை இருந்தாலும், "எங்களால் முடியாது" என்று சொல்லிவிடுவதே கிளிக்குச் செய்யும் உதவி.

அப்படிச் சொல்கிறவர்களுக்கும் கிளியின் சிநேகம் கிட்டாமற் போகாது. தாம்பரத்தில் 1937-ஆம் ஆண்டிலிருந்து இருந்து வரும் சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியின் காட்டு மரங்களிலும், வண்டலூர்ப் பக்கத்துத் தோப்புகளிலும் பச்சைக்கிளிகள் இன்றும் பறக்கின்றன. இராயப்பேட்டையில் காமிரா பழுது பார்க்கும் தொழில் செய்த சேகர் என்பவர், தம் மாடியில் பலகைகளை வரிசையாக அமைத்து, ஊற வைத்த அரிசியைப் பரப்பி, ஆயிரக்கணக்கான கிளிகளுக்குப் பல வருஷம் அன்னமிட்டார். அவர் ஒரு கிளியையும் பிடிக்கவில்லை. கிளிகளே வேளை தவறாமல் அவர் வீட்டைத் தேடி வந்தன. வரவும் போகவும் அவற்றுக்கு உரிமை இருந்தது, அதனால்தான் வந்தன.

அதே உரிமையில் ஒரு சிறு பங்கைக் கூண்டுக்குள் இருக்கும் கிளிக்கும் அளிக்க முடியும். கையை நீட்டுவது நம் பங்கு; அதில் ஏறுவதா வேண்டாமா என்று தீர்மானிப்பது கிளியின் பங்கு. அந்தத் தீர்மானத்துக்கு ஒரு மாதம் ஆனாலும் ஒரு வருஷம் ஆனாலும் காத்திருக்கச் சித்தமாயிருப்பவர்களின் வீட்டுக்குக் கிளி தாராளமாக வரலாம்.